எல்லாருக்கும் ஒத்துவரும் நேரம்

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஓர் இனிய தொல்லை தொடங்கிவிடும். எந்த நிகழ்ச்சிக்குப் போவது, எதை விடுவது என்பதே அத்தொல்லை. வளர்தமிழ் இயக்கம் 2007ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்மொழி விழாவில் பல்கலைக்கழகப் பேரவைகள், எழுத்தாளர் அமைப்புகள், முன்னாள் மாணவர் சங்கங்கள், சமூக மன்றங்கள் எனப் பலரும் கைகோக்கின்றனர். சில ஆண்டுகளில் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை 40ஐயும் தாண்டியிருக்கிறது. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களை வாரநாளில் அழைப்பது கடினம். ஆகவே சனி, ஞாயிறுகளுக்குத்தான் போட்டி. ஏப்ரலில் சனியையும் ஞாயிறையும் கூட்டினால் ஆண்டைப் பொறுத்து 8 முதல் 10 நாள்கள் கிடைக்கும். நாற்பதை அவற்றால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு நான்கைந்து நிகழ்ச்சிகள் வருகின்றன. பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் பட்டிமன்றம் சூடுபிடிக்கும் நேரத்தில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஒரு நூல் வெளியீடு நடக்கலாம். போதாததற்கு அதே மாதத்தின் இறுதியில் நமக்குத் தேர்வும் வந்து நிற்கிறது!

மேடையில் நடப்பது இரண்டு மணி நேர நிகழ்ச்சிதான். அதற்குப் பின்னால் ஏற்பாட்டுக் குழுவின் கூட்டங்கள் பத்துப் பதினைந்தாவது இருக்கும். பேரவைப் பணியில் ஈடுபட்ட எவரையும் கேளுங்கள். நாடகம் எழுதுவதும் அரங்கம் பதிவு செய்வதும்கூட எளிது, பன்னிரண்டு பேரை ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு என்பார்கள். இப்பெரும்பாட்டைத் தீர்க்கவென்றே உருவான மென்பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவை எங்கே நமக்குத் துணை நிற்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதை எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றுவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். கணினியைப் பற்றித் தமிழில் பேசும் வாய்ப்பு எனக்குப் பன்னிரண்டு வயதோடு நின்றுபோனது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளும் ஆசையும் இதில் கொஞ்சம் உண்டு.

குழுப்பணி மென்பொருள் என்றால் என்ன?

தனி ஒருவர் கட்டுரை எழுதவோ கணக்குப் போடவோ பயன்படும் மென்பொருள்களை நாம் நன்கு அறிவோம். ஒரு குழு சேர்ந்து வேலை செய்வதற்கான மென்பொருள் வேறு வகை. மின்னஞ்சல், நாள்காட்டி, முகவரிப் பட்டியல், பணிப் பட்டியல், பொது ஆவணங்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பலரும் பகிர்ந்துகொள்ள அது வழி செய்கிறது. 'குரூப்வேர்' என்னும் பெயரை 1978இல் அமெரிக்கத் தம்பதியரான பீட்டர், ட்ரூடி ஜான்சன்-லென்ஸ் ஆகியோர் சூட்டினர். தமிழில் குழுப்பணி மென்பொருள் எனலாம்.

1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ், 1997இல் வந்த மைக்ரோசாப்ட் அவுட்லுக் ஆகியவை இவ்வகையில் அலுவலகங்களை ஆண்டன. அவற்றை முழுமையாகப் பயன்படுத்த நிறுவனத்திற்கென ஒரு வழங்கிக் கணினி வேண்டும், அதைப் பராமரிக்க ஆளும் வேண்டும். 2006 ஏப்ரலில் கூகுள் நாள்காட்டி வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரு மின்னஞ்சல் கணக்கு இருந்தாலே போதும், ஐந்து பேர் கொண்ட குழுகூடக் காசு செலவின்றி நாள்காட்டியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று.

ஓர் அழைப்பின் உள்ளே

உங்கள் நண்பர் அவுட்லுக்கில் கூட்ட அழைப்பை அனுப்புகிறார். நீங்கள் அதை ஆப்பிள் கைப்பேசியில் பெற்று ஏற்கிறீர்கள். இன்னொருவர் கூகுளில் மறுக்கிறார். மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களும் ஒன்றையொன்று புரிந்துகொள்வது எப்படி?

1998 நவம்பரில் ஐகேலண்டர் என்னும் பொதுத்தரம் வெளியானது. அதை எழுதியவர்களுள் ஒருவர் லோட்டஸைச் சேர்ந்தவர், மற்றவர் மைக்ரோசாப்டைச் சேர்ந்தவர். சந்தையில் எதிரெதிரே நின்ற நிறுவனங்கள் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரு நிகழ்ச்சியை எப்படி எழுதி அனுப்ப வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. 2009இல் அத்தரம் திருத்தி வெளியிடப்பட்டது. இன்றும் நம் கைப்பேசிகள் அதைத்தான் பேசுகின்றன.

அழைப்பு என்பது உண்மையில் வெறும் எழுத்துக்கோப்பு. தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், அழைப்பவர், அழைக்கப்பட்டவர்கள் ஆகியோரின் விவரங்கள் வரிவரியாக அதில் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வரிகள் மிக முக்கியமானவை. ஒன்று, அந்நிகழ்ச்சிக்கு மட்டுமே உரிய தனி அடையாள எண். நம் அடையாள அட்டை எண் போல அது வேறு எந்த நிகழ்ச்சிக்கும் வராது. மற்றொன்று, எத்தனையாவது திருத்தம் என்பதைக் காட்டும் வரிசை எண். கூட்டம் வியாழனிலிருந்து வெள்ளிக்கு மாறினால் அதே அடையாள எண்ணோடு, வரிசை எண் ஒன்று கூடிப் புதிய கோப்பு வருகிறது. உங்கள் நாள்காட்டி பழையதை நீக்கிவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். "கூட்டம் வியாழன் 7 மணி" என்று ஒரு செய்தி. அதன்பின் நாற்பது சிரிப்பு முகங்கள். பிறகு "வெள்ளிக்கு மாற்றியாச்சு" என்று இன்னொரு செய்தி. முதல் செய்தியை மட்டும் பார்த்தவர் வியாழக்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்ப்பார். செய்திக்கு அடையாள எண் கிடையாது. ஒன்று மற்றொன்றைத் திருத்துகிறது என்பதை மனித மூளைதான் கண்டுபிடிக்க வேண்டும். சுவரொட்டிப் படங்களுக்கும் இதே நிலைதான். தேதி மாறிய பிறகும் பழைய படம் குழுக்குழுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அழைக்கப்பட்டவரின் பதிலையும் இத்தரம் பதிவு செய்கிறது. ஏற்றேன், மறுத்தேன், உறுதியில்லை என்பவற்றோடு "இன்னும் பதில் வரவில்லை" என்ற நிலையும் தனியாக உண்டு. ஒருவர் வாய் திறக்கும்வரை அவருடைய நிலை அதுதான். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெற்றிடம் தேடும் கணக்கு

அழைப்பை அனுப்புவதற்கு முன் எல்லாருக்கும் ஒத்துவரும் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்காக மென்பொருள் ஒவ்வொருவரின் நாள்காட்டியிடமும், "இந்த வாரம் எப்போதெல்லாம் வேலையாக இருக்கிறாய்?" என்று மட்டும் கேட்கிறது. பதிலாக வருவது நேரங்களின் பட்டியல்தான். திங்கள் 10 முதல் 12 வரை, செவ்வாய் 2 முதல் 4 வரை என்று இருக்குமே ஒழிய, அந்நேரத்தில் என்ன வேலை என்று இருக்காது. இப்பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, யார் மீதும் நிறம் படாத இடத்தைத் தேடினால் கூட்ட நேரம் கிடைத்துவிடும்.

கிடைத்துவிடுமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். மாலை 6 முதல் இரவு 10 வரை, வாரம் ஏழு நாளும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 28 மணி நேரம். ஒவ்வொருவரும் அதில் சரிபாதி நேரம் ஓய்வாக இருக்கிறார் என்று கொள்வோம். ஏதேனும் ஒரு மணி நேரத்தில் இருவரும் ஓய்வாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஐவர் என்றால் 32இல் ஒன்று. பத்துப் பேர் என்றால் 1,024இல் ஒன்று. அதாவது பத்துப் பேரும் கூடக்கூடிய ஒரு மணி நேரம், சராசரியாக ஏறத்தாழ 37 வாரங்களுக்கு ஒருமுறைதான் வரும். ஒரு கல்வியாண்டின் இரு பருவங்களையும் சேர்த்தாலே கற்பித்தல் வாரங்கள் 26தான்!

உண்மை வாழ்க்கையில் நம் ஓய்வு நேரங்கள் இப்படிக் காசு சுண்டிப் போட்டாற்போல் அமைவதில்லை. விரிவுரைகள் பெரும்பாலும் பகலில் இருப்பதால் மாலைகள் ஓரளவு ஒத்துப்போகும். ஆயினும் இக்கணக்கு ஓர் உண்மையைச் சொல்கிறது. பத்துப் பேரின் நேரம் ஒத்துவரவில்லை என்றால் அது யாருடைய அக்கறையின்மையும் அன்று, எண்ணிக்கையின் இயல்பு. அதே கணக்கில் நால்வரை மட்டும் எடுத்துக்கொண்டால் வாரத்திற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. இதனால்தான் அவுட்லுக்கில் "கட்டாயம் வர வேண்டியவர்", "விருப்பமிருந்தால் வரலாம்" என இரண்டு பட்டியல்கள் உள்ளன. அரங்க வடிவமைப்பைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் பொருளாளர் இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

ஒற்றை வாரம், இரட்டை வாரம்

ஒவ்வொரு முறையும் புதிதாக நேரம் தேடுவதைவிட ஒரு நாளை நிலையாக வைத்துக்கொள்வது எளிது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய கவிமாலை அமைப்பு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையில் கூடுவதை வழக்கமாகக் கொண்டது. கவிதை ஆர்வலர் ஒருவர் அந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், அழைப்பு வராவிட்டாலும் சந்திப்பு எப்போது என்று அவருக்குத் தெரியும். ஐகேலண்டர் தரத்திலும் இத்தகைய விதிகளை எழுத இடமுண்டு. "மாதந்தோறும், சனிக்கிழமை, கடைசியிலிருந்து முதலாவது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் அடுத்த பத்தாண்டுகளுக்கும் நாள்காட்டி தானே நிரம்பிக்கொள்ளும்.

பல்கலைக்கழகத்தில்தான் விதி சறுக்குகிறது. நம்மில் பலருக்குப் பயிற்சி வகுப்புகள் ஒற்றை வாரம் அல்லது இரட்டை வாரத்தில் வரும். "இரண்டு வாரத்திற்கு ஒருமுறை" என்று நாள்காட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம். ஆறாம் வாரத்திற்குப் பின் இடைவேளை வாரம் வருவதாகக் கொள்வோம். 1, 3, 5ஆம் வாரங்கள் சரியாக இருக்கும். அடுத்து வர வேண்டியது 7ஆம் வாரம். ஆனால் 5ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரம் எண்ணினால் வருவது இடைவேளை வாரம்! அதன்பின் பருவம் முடியும்வரை நாள்காட்டி இரட்டை வாரத்தில் வகுப்பையும் ஒற்றை வாரத்தில் ஓய்வையும் காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓய்வை நம்பி யாராவது கூட்டம் வைப்பார்கள். இதற்கான தீர்வு, இடைவேளைக்கு முன் ஒரு தொடராகவும் பின் ஒரு தொடராகவும் பிரித்து எழுதுவதே. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய என்யுஎஸ்மோட்ஸ் போன்ற அட்டவணைத் தளங்கள், பாட அட்டவணையை நாள்காட்டிக் கோப்பாகவே இறக்கித் தருவதால் கையால் எழுதும் வேலை மிச்சம்.

விடுமுறைகளிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூரின் பொது விடுமுறைகளை மனிதவள அமைச்சு முன்கூட்டியே அறிவிக்கிறது. மென்பொருளில் "இந்திய விடுமுறைகள்" என்று சேர்த்துக்கொண்டால் இங்குள்ள நாள்களோடு அவை எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. தீபாவளியைத் தமிழர்கள் நரக சதுர்த்தசியில் கொண்டாடுகிறோம், வடஇந்தியர் அமாவாசையில் கொண்டாடுகின்றனர். சில ஆண்டுகளில் இவ்விரண்டும் வெவ்வேறு நாளில் வரும். தைப்பூசத்தை எடுத்துக்கொண்டால் என் மாநிலமான பேராக்கில் அன்று விடுமுறை. சிங்கப்பூரிலோ 1968க்குப் பின் அது பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. காவடி எடுக்கும் நண்பரின் நாள்காட்டியில் அந்த நாள் வெறுமையாகவே தெரியும். அவர் சிராங்கூன் சாலையில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்துகொண்டிருக்கும்போது கைப்பேசியில் கூட்ட அழைப்பு ஒலித்தால் அது மென்பொருளின் குற்றமாகாது. அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எந்த ஊர் மணி?

முன்னாள் மாணவர்களும் நம் பணிகளில் பங்குபெறுவதால் ஒரே கூட்டத்தில் சிங்கப்பூர், சென்னை, யாழ்ப்பாணம், லண்டன் என நான்கு ஊர்கள் சேர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. "இரவு 9 மணி" என்றால் எந்த ஊர் 9 மணி என்ற கேள்வி உடனே எழுகிறது.

நேரம் என்பது இயற்கை தந்தது என நினைக்கிறோம். அதில் பெரும்பகுதி மனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளது. சூரியனை வைத்துக் கணக்கிட்டால் நாம் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவே முன்னால் இருக்க வேண்டும். கடிகாரத்திலோ எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மலேசியா, தீபகற்பத்திற்கும் சபா, சரவாக்கிற்கும் ஒரே நேரம் வேண்டும் என முடிவு செய்தபோது சிங்கப்பூரும் உடன் மாறியது. 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணிக்கு முள் நேராக நள்ளிரவு 12க்குத் தாவியது. அதனால்தான் நமக்குச் சூரியன் காலை 7 மணியளவில் உதிக்கிறது. தேக்கா கடைகளில் தொங்கும் தமிழ்நாட்டு நாள்காட்டியைப் பாருங்கள். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்றிருக்கும். அது காலை 6 மணிக்குச் சூரிய உதயம் என்று கொண்டு பகலை எட்டாகப் பிரித்த கணக்கு. இங்குள்ள உதயத்தை வைத்துப் பிரித்தால் ஏறக்குறைய 8.30 முதல் 10 வரை என்று வரும். நல்ல நேரம் பார்த்துக் கூட்டம் வைக்கும் பெரியவர்களும் நேர மண்டலத்தைக் கவனிக்கத்தான் வேண்டும்.

இலங்கையின் கதை இன்னும் கருதத்தக்கது. 1996 மே மாதம், மின்தட்டுப்பாட்டின் காரணமாக அந்நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்வாங்கியது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரை மணி நேரக் கணக்குக்கே திரும்பியது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அம்மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே வைத்திருந்தன. ஒரே தீவில், ஒரே சாலையின் இரு முனைகளில் இரண்டு மணிகள்! "பத்து மணிக்குச் சந்திப்போம்" என்பதற்கு யாருடைய பத்து என்று கேட்டாக வேண்டிய நிலை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கணினிகளுக்குள் இருக்கும் நேர மண்டலப் பட்டியலையும் திருத்த வேண்டியிருந்தது.

லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கோடைக்கால நேரம். அப்போது நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி நேர வேறுபாடு, மற்ற மாதங்களில் எட்டு. நம் இரவு 9 மணிக் கூட்டம் அவர்களுக்குச் சில மாதங்கள் பிற்பகல் 2 மணிக்கும் சில மாதங்கள் 1 மணிக்கும் வரும். இந்தியாவுக்கும் நமக்கும் ஆண்டு முழுவதும் இரண்டரை மணி நேரமே. தொடர்கூட்டத்தை நாள்காட்டியில் போடும்போது எந்த ஊரின் நேரத்தில் அதைக் கட்டிவைக்கிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டப்பட்ட ஊருக்கு மாற்றமில்லை. நகர வேண்டியவர்கள் மற்றவர்களே.

வெறுமையாக இருந்தால் ஓய்வா?

இதுவரை சொன்னவை தொழில்நுட்பத்தின் பகுதி. சிக்கலின் மறுபாதி மனிதர்களிடம் இருக்கிறது. ஜோனதன் குரூடின் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1988இல் போர்ட்லண்ட் நகரில் நடந்த மாநாட்டில் ஒரு கட்டுரை படைத்தார். குழுப்பணி மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்பதே பொருள். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளுள் தானாகவே கூட்ட நேரம் தேடும் நாள்காட்டியும் ஒன்று. அவருடைய விளக்கம் எளியது. கூட்டத்தைக் கூட்டுபவருக்குத்தான் பயன், ஆனால் நாள்காட்டியை நிரப்பும் வேலையோ எல்லாருக்கும். பயன் பெறாதவர் ஏன் நிரப்புவார்? ஒருவர் நிரப்பாவிட்டாலும் கணக்கு பிழையாகிவிடும்.

பிற்பாடு 1995இல் அவரும் லேஷியா பேலனும் மைக்ரோசாப்ட், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆகிய இரு நிறுவனங்களை ஆராய்ந்தபோது, அங்கே பகிர் நாள்காட்டிகள் பரவலாகப் பயன்பாட்டில் இருந்தன. மேலதிகாரி கட்டளையிட்டு நடந்ததன்று. கருவி எளிமையானதும், பக்கத்து மேசைக்காரர் பயன்படுத்துவதும், நாமும் பயன்படுத்தாவிட்டால் கூட்டத்தில் விடுபடுவோம் என்பதும் காரணங்களாய் இருந்தன. ஒரு வேறுபாடும் தெரிந்தது. சன் நிறுவனத்தில் ஒருவர் நாள்காட்டியை மற்றவர்கள் விவரத்தோடு படிக்கலாம் என்பது தொடக்க அமைப்பு. மைக்ரோசாப்டில் வேலை உண்டா இல்லையா என்பது மட்டுமே தெரியும். இரு இடத்திலும் பெரும்பாலோர் தொடக்க அமைப்பை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டனர். ஆகவே தொடக்கத்தில் எது வைக்கப்படுகிறதோ அதுவே குழுவின் பழக்கமாகிவிடுகிறது.

இதை நான் நேரில் கண்டேன். நான் பங்கெடுத்த ஒரு மாணவர் குழுவில் தோழி ஒருத்தி இருந்தாள். குடும்பத்தாரின் கடை தேக்காவில். வார இறுதிகளில், குறிப்பாக ஞாயிறு மாலைகளில், லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரம் முழுவதும் உழைத்த வெளிநாட்டு ஊழியர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும் சாமான் வாங்கவும் நண்பர்களைப் பார்க்கவும் வரும் நேரம். கடையில் இன்னொரு கை கட்டாயம் வேண்டும். அவளுடைய நாள்காட்டியிலோ விரிவுரைகள் மட்டுமே இருந்தன. கட்டத்தில் ஞாயிறு மாலை 6 மணி பளிச்சென்று வெறுமையாகத் தெரிந்தது. எல்லாருக்கும் ஒத்துவருகிறது என்று குழு அதையே வாராந்தர நேரமாக வைத்தது. வேறு நாள் கிடைக்குமா என்று அவள் ஒருமுறை வாட்ஸ்அப்பில் கேட்டாள். அச்செய்திமேல் வேறு செய்திகள் விழுந்து மூடின. இரண்டு கூட்டத்திற்கு வந்தாள், மூன்றாவதற்கு வரவில்லை. அரையாண்டில் விலகினாள். "அவளுக்கு ஈடுபாடு போதாது" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. புடவையைப் பார்த்தே அது எந்தக் காலத்து நாடகத்திற்குப் பொருந்தும் என்று சொல்லக்கூடியவள். அவளுக்குப் பிறகு அக்குழுவில் அந்த அறிவு உள்ளவர் யாரும் இல்லை.

ஏன் அவள் கடை நேரத்தை எழுதி வைக்கவில்லை என்று கேட்கலாம். அது அவளுக்கு நிகழ்ச்சி அன்று, வாழ்க்கை. காலையில் பல் துலக்குவதை யார் நாள்காட்டியில் எழுதுகிறார்கள்? கட்டணப் பாடம் சொல்லிக்கொடுக்கும் மாணவர், தங்கையைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துவருபவர், வெள்ளிக்கிழமை இரவு உட்லண்ட்ஸ் வழியாக ஊருக்குப் பேருந்து ஏறும் என் போன்ற மலேசியர், மருத்துவரிடம் போவதைப் பிறர் அறிய விரும்பாதவர் ஆகியோருக்கும் இதே நிலைதான். சுமை அதிகம் உள்ளவர்களின் நாள்காட்டியே வெறுமையாகத் தெரிகிறது என்பது இதிலுள்ள முரண்.

அழைப்புக்குப் பதில் தராதவரை "பதில் வரவில்லை" என்று தனியே குறிக்கும் அதே தரம், ஓய்வு நேரத்தைத் தேடும்போது அப்படிச் செய்வதில்லை. வேலை என்று எழுதப்படாத நேரமெல்லாம் ஓய்வு என்றே கணக்காகிறது. "எழுதவில்லை" என்பதற்கும் "ஓய்வாக இருக்கிறேன்" என்பதற்கும் அங்கே வேறுபாடு இல்லை. அந்த வேறுபாட்டைக் காக்க வேண்டியது குழுவின் பொறுப்பு.

நாம் செய்யக்கூடியவை

இதன்பின் நான் சேர்ந்த குழுவில் சில நடைமுறைகளைக் கடைப்பிடித்தோம். அவை பலன் தந்தன என்பதால் இங்கே பகிர்கிறேன்.

முதலாவது, பருவத் தொடக்கத்தில் எல்லாரும் "வர இயலாத நேரம்" என்று கட்டங்களை நிரப்பினோம். காரணம் எழுதத் தேவையில்லை. கடையா, கோயிலா, உறக்கமா என்று யாரும் கேட்கக்கூடாது. நாள்காட்டி அமைப்பிலும் "வேலை உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியட்டும்" என்பதையே தொடக்க நிலையாக வைத்தோம்.

இரண்டாவது, வெறுமையான கட்டம் கிடைத்ததும் அழைப்பை அனுப்பிவிடாமல், நிரப்பாதவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோம். பன்னிரண்டு பேர் குழுவில் இதற்கு ஐந்து நிமிடத்திற்குமேல் ஆகாது.

மூன்றாவது, நிலையான நாள்கள் இரண்டை வைத்து மாறிமாறிக் கூடினோம். ஒரு வாரம் செவ்வாய் மாலை, மறுவாரம் சனி காலை. ஒரே நேரத்தை வைத்தால் ஒரே ஆள் எப்போதும் விடுபடுவார். மாற்றி வைத்தால் இழப்பு பகிரப்படுகிறது.

நான்காவது, ஒவ்வொரு கூட்டத்திற்கும் கட்டாயம் வர வேண்டியவர் யார் என்று பெயர் குறித்தோம். மற்றவர்களுக்குக் கூட்டக் குறிப்பு மறுநாளே போய்ச் சேர்ந்தது.

ஐந்தாவது, தேதி மாற்றங்கள் நாள்காட்டியில் மட்டுமே செய்யப்பட்டன. வாட்ஸ்அப்பில் அதற்கான இணைப்பு மட்டும் போகும், தேதியைத் தட்டச்சு செய்வதில்லை. இதனால் பழைய தேதி எங்கும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து அமைந்துள்ளன. கூட்டம் கூட்டுவோருக்கும் அவ்வரிசை பொருந்தும். யாருடைய வலிமை இப்பணிக்குத் தேவை என்பதை முதலில் அறிந்துகொண்டால், அவர்களுக்கு ஏற்ற காலத்தைத் தேடலாம். இடத்தைப் பதிவு செய்வது அதற்குப் பிறகுதான். நாமோ பெரும்பாலும் அறை எப்போது காலியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஆட்களை வளைக்கிறோம்.

புதிய செயற்குழு பொறுப்பேற்கும் நாள் விரைவில் வரும். முதல் கூட்டத்தில் நிகழ்ச்சிக்குப் பெயர் சூட்டும் விவாதத்தைத் தொடங்குவதற்கு முன், இருபது நிமிடத்தை ஒதுக்கி எல்லாரும் தத்தம் வர இயலாத நேரங்களைக் குறித்து வையுங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், நோன்புப் பெருநாள், இடைவேளை வாரம், தமிழ்மொழி விழாவில் பிற அமைப்புகள் எடுத்துக்கொண்ட நாள்கள் ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள். முன்னாள் மாணவர்களே, லண்டனிலும் சென்னையிலும் இருக்கும் நீங்களும் உங்கள் ஊர் நேரத்தோடு இணையுங்கள். ஏப்ரலில் அரங்கம் நிறைவதற்கான வேலை அந்த இருபது நிமிடத்திலேயே தொடங்கிவிடும்.